சாரமும் போக்கும்: பல்லாவரம் முதல் மணிமங்கலம் வரை

வரலாற்றுப் பயணம் என்றால் தஞ்சைக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும் என்பது எங்கள் குழுவில் வேரூன்றிவிட்ட பழக்கம். வாசற்படியிலேயே கிடக்கும் வரலாற்றைத் தாண்டிக்கொண்டு இருநூறு கல் தொலைவு போய்த் திரும்பியிருக்கிறோம். இம்முறை அந்தத் தவற்றைச் செய்வதில்லை என்று முடிவுசெய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் தாம்பரம் இரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் கூடினோம். பல்லாவரம், குன்றத்தூர், மணிமங்கலம் மூன்றையும் பார்த்துவிட்டு முடிச்சூர் வழியாகத் தாம்பரத்துக்கே திரும்பிவிடுவது திட்டம்.

எங்களுள் ஒருவர் இப்பகுதியிலுள்ள ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. வண்டி புறப்படுவதற்கு முன்பே அவர் ஒரு சிக்கலை எங்கள் முன்வைத்தார். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, 'கெட் த ஜிஸ்ட்' என்கிறார்கள், 'கெட் த டிரிஃப்ட்' என்கிறார்கள், 'கெட் த பிக்சர்' என்றும் சொல்கிறார்கள், மூன்றுக்குமே அகராதி 'பொதுவான பொருளைப் புரிந்துகொள்ளுதல்' என்றே சொல்கிறதே, அப்படியென்றால் மூன்று எதற்கு என்று கேட்டாளாம். "மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த 'ஏறக்குறைய' மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது" என்றார் அவர்.

கல்வெட்டுப் படிக்கப் போகிறவர்களுக்கு ஆங்கில மரபுத்தொடரில் என்ன வேலை என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றியது. மாலையில் வீடு திரும்பியபோது அந்த எண்ணம் மாறியிருந்தது. அன்று நாங்கள் பார்த்த ஒவ்வோர் இடமும் அந்த மாணவியின் வினாவுக்கு ஒவ்வொரு விதத்தில் விடை சொல்லிற்று. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். 'ஜிஸ்ட்' என்பது வழக்குமன்றத்தில் பிறந்த சொல். இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி வழங்கிய காலத்தில், 'இவ்வழக்கு இன்னதன்மேல் கிடக்கிறது' என்று சொல்லும் சட்டத் தொடரில் வந்த வினைச்சொல் அது. கிடத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நாளடைவில் வழக்குக்கு அடிப்படையான கூற்றை மட்டும் குறித்து, பின்னர் எந்தப் பேச்சுக்கும் எழுத்துக்கும் உரிய உள்ளீட்டைக் குறிக்கலாயிற்று. 'விஷயம் எங்கே கிடக்கிறது?' என்று நம் ஊரில் கேட்கிறோமே, ஏறக்குறைய அதே பார்வைதான். 'டிரிஃப்ட்' என்பதோ ஓட்டுதல், செலுத்துதல் என்ற பொருளுடைய வினையின் உறவுச் சொல். காற்று பனியை ஓட்டிக் குவிப்பதும், நீரோட்டம் படகை இழுத்துச் செல்வதும் இச்சொல்லுக்குள் அடங்கும். ஆகவே பேச்சில் அது உள்ளீட்டைக் குறிப்பதில்லை, பேச்சு எத்திசையில் செலுத்தப்படுகிறது என்பதையே குறிக்கிறது. 'பிக்சர்' ஓவியம். துண்டு துண்டான செய்திகளைக் கொண்டு முழுச் சூழலையும் மனக்கண்ணில் வரைந்துகொள்வது.

ஒன்று கிடப்பது, ஒன்று ஓடுவது, ஒன்று தீட்டப்படுவது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள்.

பல்லாவரம்: சொல்லே இல்லாத கல்

விமான நிலையத்தின் ஓசையும் பெருவழிச் சாலையின் நெரிசலும் சூழ்ந்த பல்லாவரத்தை இந்தியத் தொல்லியலின் பிறப்பிடம் என்று சொன்னால் அங்கே குடியிருப்பவர்களே நம்பமாட்டார்கள். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலப்பொதியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், இங்கே சரளைக் கற்களிடையே கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதனின் கருவி அது என்று அறிந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தம் துறை நண்பர் வில்லியம் கிங்குடன் அவர் அத்திரம்பாக்கத்தை அடைந்து மேலும் பல கருவிகளைக் கண்டார். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்டனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கல்லில் எழுத்து இல்லை. அதைச் சுருக்கிச் சொல்ல உள்ளே வாசகம் இல்லை. அது யாரை நோக்கியும் எதையும் பேசவில்லை. சாலை போடுகிறவர்கள் அத்தகைய கற்களை எத்தனை முறை அள்ளிக் கொட்டியிருப்பார்கள்! ஃபூட்டுக்கு மட்டும் அது தெரிந்தது எப்படி? சில ஆண்டுகளுக்கு முன்பு, 1859இல், பிரான்சு நாட்டின் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் மெய்யானவையே என்று பிரெஸ்ட்விச், எவன்ஸ் ஆகிய ஆங்கில அறிஞர்கள் ஏற்று அறிவித்திருந்தனர். அந்தச் செய்தியை ஃபூட் அறிந்திருந்தார். வேறு நாட்டில் பார்த்த ஓவியத்தின் ஒரு துண்டு பல்லாவரத்துச் சரளையில் கிடப்பதை அவர் கண்டுகொண்டார். 'பிக்சர்' கிடைப்பது என்பது இதுதான். முன்னறிவு இருப்பவனுக்கே அது கிடைக்கும். ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு, இத்தென்னாட்டில் எண்ணற்ற ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் வாழ்ந்தான் என்ற முழுச் சித்திரத்தையும் அவர் வரைந்துகொண்டார். அவர் சேகரித்த கற்கருவிகள் பின்னர் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எழும்பூர் பக்கம் போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டுகிறோம்.

பல்லாவரம்: சொல் மட்டும் உள்ள கல்

அதே பல்லாவரத்தில் மலைச்சரிவில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. ஐந்து கருவறைகள் கொண்டது. இன்று அது தர்காவாக வழிபடப்பெறுகிறது. வழிபாட்டுக்கு இடையூறின்றி அமைதியாகச் சென்று பார்த்துத் திரும்பினோம். அதன் கல்லில் பொறிக்கப்பட்டவை மகேந்திரரின் விருதுப் பெயர்கள். அவற்றைக் கொண்டே இக்குடைவரை அவருடையது என்று அறிஞர்கள் முடிவுகட்டினர்.

மகேந்திரருக்குப் பட்டப்பெயர்கள்மேல் இருந்த விருப்பம் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்ததே. மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன், இலளிதாங்குரன், சேத்தகாரி என்று அவருடைய குடைவரைகளில் அவை வரிசைகட்டி நிற்கின்றன. வடமொழியில் உள்ளவற்றோடு தெலுங்குச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. இவற்றுள் பலவற்றின் சொற்பொருள் எளிது. சேத்தகாரி என்றால் கோயில் எடுப்பித்தவன். பகாப்பிடுகு என்றால் பிளக்க முடியாத இடி. ஆனால் சில பெயர்களின்முன் அறிஞர்கள் இன்றும் தயங்கி நிற்கிறார்கள்.

'சங்கீர்ணஜாதி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கலப்புற்ற குலத்தினன் என்று ஒரு சாரார் பொருள் கொண்டனர். அப்படியானால் அது பல்லவர் குலமரபு பற்றிய செய்தியாகிவிடும். தாளவகை ஒன்றின் பெயர் அது, இசையில் வல்லவரான மன்னர் தம் புலமை தோன்றச் சூட்டிக்கொண்டது என்று மற்றொரு சாரார் கூறினர். எழுத்தில் ஐயமில்லை. சொல்லின் இரண்டு உறுப்புகளுக்கும் அகராதியில் பொருள் உண்டு. இருந்தும் பெயரின் கருத்து கைக்கு அகப்படவில்லை. ஏன்? தனிச்சொல்லுக்குப் போக்கு இல்லை. முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் இருந்தால்தான் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். இங்கே நீரோட்டம் இல்லை, நீர்த்துளி மட்டுமே உள்ளது. எங்கள் குழுவில் பெரும்பாலோர் இசைப் பொருளையே ஏற்கிறோம். மன்னர் ஒருவர் தாமே விரும்பிப் பொறித்துக்கொள்ளும் வரிசையில் பெருமை தராத பெயர் இடம்பெறாது என்பதே எங்கள் காரணம். அந்தக் காரணமும் பக்கத்திலுள்ள பெயர்களின் போக்கைப் பார்த்து எழுந்ததுதான் என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

குன்றத்தூர்: தொகை, வகை, விரி, சாரம்

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மலைமேல் முருகனை வணங்கிவிட்டு, கீழே திருநாகேச்சரத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். சேக்கிழார் பிறந்த ஊர் இது. சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்மேல் கொண்ட ஈடுபாட்டால் அதே பெயரில் தம் ஊரில் அவர் எடுப்பித்த கோயில் இது என்பது மரபு. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், அவர் அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடினார்.

பொருளைச் சுருக்குவதும் விரிப்பதும் எப்படி என்று கற்க விரும்புகிறவர்களுக்குத் தமிழில் பெரியபுராணத்தைப் போன்ற பாடப்புத்தகம் வேறில்லை. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை 11 பாடல்களே கொண்டது. அடியார் ஒவ்வொருவரும் ஒரு தொடரில், சில இடங்களில் ஒரே அடைமொழியில் வந்து போவார்கள். அதைத் 'தொகை' என்றனர். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி ஏறத்தாழ 90 பாடல்களில் ஒவ்வோர் அடியாரின் ஊர், குலம், செயல் ஆகியவற்றைச் சுட்டும். அது 'வகை'. சேக்கிழாரின் நூல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் ஆனது. அது 'விரி'. இம்மூன்றோடு நின்றுவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவத்தின் பெயரால் வழங்கும் 'திருத்தொண்டர் புராண சாரம்' என்ற சிறுநூல் அந்தப் பெருங்கடலை மீண்டும் அடியார்க்கு ஒரு பாடல் என்ற அளவுக்குச் சுருக்கித் தருகிறது.

ஆசிரியை இந்த இடத்தில் ஒரு வினா எழுப்பினார். "தொகையும் சிறியது, சாரமும் சிறியது. இரண்டும் ஒன்றுதானே?"

நாங்கள் சற்றுத் திகைத்தோம். பேசப் பேசத்தான் விடை தெளிந்தது. தொகை விதை போன்றது, சாரம் பிழிந்தெடுத்த சாறு போன்றது. விதை மரத்துக்கு முன்னால் இருப்பது, சாறு கனிக்குப் பின்னால் வருவது. கண்ணப்பரைச் சுந்தரர் ஓர் அடைமொழியோடு வணங்கி மேலே செல்கிறார். அவர் காலத்தில் கேட்போருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு அத்தொடர் ஒரு பூட்டிய கதவு. சேக்கிழார் 180க்கும் மேற்பட்ட பாடல்களில் அக்கதவைத் திறக்கிறார். நாகன், தத்தை என்ற பெற்றோர், பிள்ளைப் பருவம், முதல் வேட்டை, நாணனும் காடனும் உடன்வர ஓடிய பன்றியைத் துரத்தியது, மலையில் குடுமித்தேவரைக் கண்டதும் உள்ளம் உருகியது, வாயில் நீரும் தலையில் பூவும் கையில் ஊனுமாக ஓடிவந்தது, சிவகோசரியாரின் அருவருப்பு எல்லாம் வரிசையாக வந்த பிறகுதான் கண்ணைப் பெயர்த்தெடுக்கும் அந்தக் கணம் வருகிறது.

சாரம் படிப்பவனுக்கு 'கண்ணைக் கொடுத்தார்' என்பது தெரியும். ஏன் கொடுத்தார் என்பது தெரியாது. விரியைப் படித்தவனுக்குச் சாரம் ஒரு நினைவுக் கயிறு. படிக்காதவனுக்கு அது கதைச் சுருக்கம் மட்டுமே. பரீட்சைக்காகக் கதைச் சுருக்கம் மனனம் செய்த நம் தலைமுறையினருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை!

நம் உரையாசிரியர்கள் இந்த வேறுபாடுகளை நன்றாக அறிந்திருந்தனர். உரையைப் பொழிப்பு, அகலம், நுட்பம், எச்சம் என நான்காகப் பகுப்பது பழைய மரபு. நன்னூல் உரையின் உறுப்புகளைப் பதினான்காக எண்ணுகிறது. அவற்றுள் 'கருத்து' வேறு, 'சொற்பொருள்' வேறு, 'தொகுத்துரை' வேறு. தொகுத்துரை என்பது பொழிப்பு, அதாவது சூத்திரம் சொல்வதைத் திரட்டித் தருவது. கருத்து என்பது சூத்திரம் எதற்காகச் சொல்லப்பட்டது என்பது. தொல்காப்பிய உரைகளில் ஒவ்வொரு சூத்திரத்தின் தலைப்பிலும் அது என்ன 'நுதலியது' என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள். நுதலுதல் என்றால் குறித்தல், கருதிச் செல்லுதல். ஆங்கிலத்தார் 'டிரிஃப்ட்' என்பதை நம் உரைகாரர்கள் 'நுதலியது' என்றும், அவர்கள் 'ஜிஸ்ட்' என்பதை இவர்கள் 'பொழிப்பு' என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. வடமொழிவழி வந்த 'தாற்பரியம்' நுதலியதன் பக்கம் நிற்கும், 'சாரம்' பொழிப்பின் பக்கம் நிற்கும். நாமோ இன்று எல்லாவற்றுக்கும் 'சுருக்கம்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறோம்.

மணிமங்கலம்: முதுகில் எழுதிய வெற்றி

குன்றத்தூரிலிருந்து சோமங்கலம் வழியாக மணிமங்கலம். பெயரைக் கேட்டதும் கல்கியின் வாசகர்களுக்கு உடல் சிலிர்க்கும். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவர் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று இது. இதற்குச் சான்று, நரசிம்மரின் பேரரான முதலாம் பரமேசுவரவர்மர் வெளியிட்ட கூரம் செப்பேடு. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நடந்த போர்களை அது குறிப்பிடுகிறது. வடமொழியிலமைந்த அப்பகுதி நரசிம்மரைப் புகழும்போது, புலிகேசியின் முதுகை ஓர் ஏடாகக் கொண்டு 'விஜய' என்னும் மூன்றெழுத்தை எழுதியவர் என்று வருணிக்கிறது.

இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எதிரியைப் பிடித்துக் கட்டி, முதுகில் இரும்பால் எழுத்துப் பொறித்த கொடுமை என்று ஆகிவிடும். பொழிப்பாகச் சுருக்கினால் 'நரசிம்மர் புலிகேசியை வென்றார்' என்று முடிந்துவிடும். இரண்டும் புலவரின் வாக்கைத் தவறவிட்டவையே. முதுகு தெரிந்தது என்றால் திரும்பி ஓடினான் என்று பொருள். 'புறமுதுகு காட்டுதல்' என்ற தொடரை வைத்துக்கொண்டிருக்கும் தமிழருக்கு இது சொல்லாமலே விளங்கும். பகைவன் ஓடினான் என்று நேரே கூறாமல், அவன் முதுகில் நம் வெற்றி எழுதப்பட்டிருந்தது என்று கூறும்போது, கேட்பவர் இதழில் ஒரு புன்னகை அரும்ப வேண்டும் என்பதே புலவரின் எதிர்பார்ப்பு. இதுதான் போக்கு. சொன்னவன் பாதி வழி வருகிறான், மீதி வழியைக் கேட்பவன் நடக்க வேண்டும். 'கெட் மை டிரிஃப்ட்?' என்று ஆங்கிலேயன் கேட்கும்போது குரலில் ஒரு கள்ளத்தனம் இருப்பதும் இதனால்தான் என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். வெளிப்படையாகப் பேசியதற்கு யாரும் அப்படிக் கேட்பதில்லையாம்.

மணிமங்கலம்: வழக்கு எங்கே கிடக்கிறது?

மணிமங்கலத்தின் இராசகோபாலப் பெருமாள் கோயில் சோழர் வரலாற்றுக்கு ஒரு சுரங்கம். இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகியோரின் நீண்ட மெய்க்கீர்த்திகள் இங்கே கிடைத்துள்ளன. ஹுல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில், 1899இல், இக்கோயிலின் கல்வெட்டுகள் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக வெளிவந்தன. கொப்பத்துப் போரையும் கூடல் சங்கமத்துப் போரையும் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு இத்தகைய மெய்க்கீர்த்திகளால் வந்ததே.

நிழலில் அமர்ந்து நூலின் நகலைப் புரட்டியபோது ஒரு வினா எழுந்தது. இத்தனை நீளமான கல்வெட்டின் சாரம் எது? மன்னன் எந்த யானைமேல் ஏறினான், எந்தப் பகைவன் ஓடினான், எந்த நகர் எரிந்தது என்று மெய்க்கீர்த்தி நெடுந்தொலைவு ஓடுகிறது. பிறகே மன்னனின் ஆட்சியாண்டு வரும், அதன்பின் கொடை. வரலாற்று ஆசிரியருக்கு முன்பகுதியே உயிர். ஆனால் அந்த ஊர்ச் சபையாருக்கு? கல்லில் வெட்டியது கொடையைக் காப்பதற்காக அன்றோ! கல்வெட்டு ஓர் ஆவணம். அதில் வழக்கு எங்கே கிடக்கிறதோ அதுதான் பழைய நீதிமன்றப் பொருளில் அதன் 'ஜிஸ்ட்'. அந்த நோக்கில் பார்த்தால் இக்கல்வெட்டுகளின் சாரம் கொடைப் பகுதியில் கிடக்கிறது. மெய்க்கீர்த்தியோ அக்காலத்து அரசியலின் போக்கைச் சொல்கிறது.

கல்வெட்டுத் துறையின் வரலாற்றிலும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. 1887 முதல் வெளிவந்த ஆண்டறிக்கைகளில் படியெடுக்கப்பட்ட ஒவ்வொரு கல்வெட்டும் எண்ணிட்டுப் பட்டியலிடப்பட்டது. இடம், அரசமரபு, மன்னன், காலம், மொழி ஆகிய பத்திகளுக்குப் பின் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதில் கல்வெட்டின் சாரம் சில வரிகளில் அடங்கிவிடும். தொடக்கத் தொகுதிகளில் ஹுல்ஷ் மூலத்தோடு மொழிபெயர்ப்பும் தந்தார். கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தபோது அது இயலாமற் போயிற்று. 1923இல் வந்த நான்காம் தொகுதி மூலத்தை மட்டும் தந்தது. மூலமும் அச்சேறாத கல்வெட்டுகள் எத்தனையோ. அவற்றைப் பொறுத்தவரை அந்தச் சில வரிக் குறிப்பே நமக்கு இன்று எல்லாமும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெயிலில் சாரமேறி நின்று படியெடுத்தவர்கள் அந்தச் சில வரிகளையும் எழுதாமற் போயிருந்தால் நமக்கு ஒன்றுமே மிஞ்சியிராது.

ஆனால் சாரத்தில் எது தங்கும், எது வடிந்துபோகும் என்று அறிந்திருப்பது நல்லது. ஆண்டறிக்கைகளில் அடிக்கடி காணும் குறிப்பு, 'நுந்தா விளக்குக்கு 90 ஆடு கொடை' என்பது. கல்லில் அந்த ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று இருக்கும். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? சொல்லுக்குச் சொல் பார்த்தால் மூடநம்பிக்கை. போக்கை அறிந்தால் அது ஒரு நுட்பமான பொருளாதார ஏற்பாடு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், செத்ததற்கும் கிழடுதட்டியதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்துவர வேண்டும். முதல் அழியாது, அதன் பயனாகிய நெய் நாள்தோறும் கோயிலுக்கு அளக்கப்படும். மூன்று சொல்லில் ஓர் அறக்கட்டளையின் விதியையே சொல்லிவிட்டார்கள்! 'ஆடு கொடை' என்ற குறிப்பில் விளக்கு எரிகிறது, ஆனால் அது ஏன் அணையவில்லை என்பது தெரிவதில்லை.

நிலக்கொடைகளும் அப்படியே. குறிப்பில் 'நிலக்கொடை' என்று ஒரு சொல். கல்லிலோ கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று தொடங்கி ஏரி, கரை, வாய்க்கால், வழி, அண்டை நிலம் என ஊரின் வரைபடமே விரியும். எந்தக் காலால் நீர் பாய வேண்டும், எதை அடைக்கக் கூடாது என்றுகூடச் சில கல்வெட்டுகள் சொல்லும். எழுதியவனுக்கு இவை இன்றியமையாதவை. சுருக்குகிறவனுக்கு இவை முதலில் வெட்டத்தக்கவை.

திரும்பும் வழியில் முடிச்சூரைக் கடந்தபோது வண்டியில் பேச்சு நின்றுவிட்டது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்தே அடையாறு உருவாகிறது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எங்களுள் ஒருவர் அப்போது இரண்டு நாள் மொட்டை மாடியில் கழித்தவர். மனை வாங்கியபோது பத்திரத்தில் நான்கு எல்லைகளும் இருந்தனவாம். அண்டை மனைகளின் எண்களும் சாலையின் அகலமும் இருந்தனவாம். நீர் எவ்வழி போகும் என்பது மட்டும் அதில் இல்லையாம். "எல்லையின் சாரம் இருந்தது, தண்ணீரின் போக்கு இல்லை" என்றார் அவர். நகைச்சுவையாகத்தான் சொன்னார், ஆனால் எங்களில் யாரும் சிரிக்கவில்லை. பழைய கல்வெட்டுகளைப் படித்திருந்தால் வெள்ளம் வந்திராது என்று சொல்ல வரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. நீர் செல்லும் வழியைக் கல்லில் வெட்டி வைக்கத் தகுந்த செய்தி என்று ஒரு காலத்தார் கருதினார்கள், நாம் அதைச் சுருக்கத்தில் விட்டுவிட்டோம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

கல்லும் நிலைத்திருப்பதில்லை. திருப்பணியின்போது மணல்வீச்சால் எழுத்துகள் தேய்ந்துபோவதையும், சுண்ணாம்பும் வண்ணமும் பூசி மறைக்கப்படுவதையும், புதிய தளத்துக்கடியில் புதைபடுவதையும் தமிழகத்தில் பல ஊர்களில் நேரில் கண்டிருக்கிறோம். அந்நிலையில் மைப்படிகளே மூலத்தின் கடைசிச் சாட்சிகள். மைசூரில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஆணையிட்டபோது எங்களைப் போன்றவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு இதுவே காரணம். கல்லும் மைப்படியும் அழிந்தால் ஆண்டறிக்கையின் அந்தச் சில வரி மட்டும் மிஞ்சும். பெரியபுராணம் தொலைந்து சாரம் மட்டும் கைக்குக் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணப்பர் கண் கொடுத்தது தெரியும், குடுமித்தேவரைக் கண்டு உருகியது தெரியாது.

தாம்பரம் வந்து சேர்ந்தபோது விளக்கேற்றிவிட்டார்கள். மாணவிக்கு என்ன விடை சொல்லப் போகிறீர்கள் என்று ஆசிரியையைக் கேட்டோம். கையிலிருந்த குறிப்பேட்டில் தமிழிலேயே மூன்று வரி எழுதிக் காட்டினார்.

நீளமாகக் கேட்டதில் விவரங்களை விட்டுவிட்டு உள்ளீட்டை மட்டும் பிடித்துக்கொண்டால், சாரம் கிடைத்தது. சொன்னதிலிருந்து சொல்லாததன் திசையை அறிந்துகொண்டால், போக்குப் பிடிபட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த துண்டுகள் ஒன்றுசேர்ந்து முழு நிலைமையும் கண்முன் தோன்றினால், சித்திரம் தெரிந்தது.

நான்காவது வரி ஒன்றும் எழுதலாம் என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம். இவை மூன்றும் மூலத்துக்கு ஈடாகா என்பதே அது. சற்று யோசித்துவிட்டு, அதை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

தாம்பரத்திலும் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையும் ஒரு சாரமே. ஒரு விடுமுறை நாளில் மணிமங்கலம் வரை போய், அந்தச் சுவர்களின் எழுத்துகளை ஒருமுறை விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். முழுவதும் படிக்க வராவிட்டாலும் பாதகமில்லை. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கம் மட்டும் கண்ணுக்குப் புலப்பட்டால் போதும், மிச்சத்தைப் படிக்கும் ஆசை தானே வந்துவிடும்.